சபாரி சூட்: சட்டையின் பெயரா, மனிதரின் பெயரா?

"சபாரி சூட்" என்று வகுப்பில் யாராவது சொன்னால் போதும், பின் வரிசையிலிருந்து சிரிப்பொலி எழும். பழைய திரைப்படத்தில் கறுப்புக் கண்ணாடி அணிந்து மாடிப்படி இறங்கி வரும் வில்லன், வீட்டுத் திருமண ஆல்பத்தில் மணமக்களுக்குப் பக்கத்தில் விறைப்பாக நிற்கும் ஒரு மாமா, நகைக்கடை வாசலில் கதவு திறந்துவிடும் காவலாளி ஆகிய எல்லாரும் ஒரே நொடியில் நம் கண்முன் வந்துவிடுகின்றனர். தையல்காரர் தைத்த ஓர் உடுப்புக்கு ஏன் இத்தனை சிரிப்பு? இச்சொல் எங்கே பிறந்தது, யார் யார் கைக்கு மாறி நம்மிடம் வந்தது, இன்று நாம் அதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பது பற்றி எங்கள் கருத்தை இம்மலரின் வழியே கூற விரும்புகிறோம்.

முதலில், பார்த்தறியாத கீழ்வகுப்புத் தங்கையருக்காக ஒரு சிறு விளக்கம். மேலே சட்டை, கீழே பேண்ட், இரண்டும் ஒரே துணி, ஒரே நிறம். இதுவே சபாரி சூட்டின் முதல் இலக்கணம். சட்டையைப் பேண்டுக்குள் செருகுவதில்லை. வெளியே தொங்கவிட வேண்டும். மார்பில் இரண்டு, இடுப்புக்குக் கீழே இரண்டு என நான்கு பைகள் மூடியுடன் வெளியே தைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் தோளில் பட்டியும் இடுப்பில் துணிக் கச்சையும் உண்டு. கழுத்தில் டை வேண்டாம், உள்ளே வேறு சட்டையும் வேண்டாம். கோட்டும் ஆகாமல் வெறும் சட்டையும் ஆகாமல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிற உடை அது. துணிக்கடையில் ஏறத்தாழ மூன்று மீட்டர் துணியை அட்டைப் பெட்டியில் மடித்து வைத்து "சூட் லெங்த்" என்று விற்பார்கள். அதை வாங்கிவந்து, சபாரி தைக்கத் தெரிந்த டெய்லரைத் தேடிப் போவது அந்நாளில் பல வீடுகளில் நடந்த காரியம்.

இனி சொல்லுக்கு வருவோம். சபாரி என்று நாம் வாயால் சொல்கிறோம். எழுதும்போது சிலர் ஆய்தம் சேர்த்துச் சஃபாரி என்பர். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் இதற்குப் பயணம் என்பதுதான் பொருள். அம்மா வீட்டுக்குப் போவதும் சபாரிதான், சந்தைக்குப் பக்கத்து ஊருக்குப் போவதும் சபாரிதான். வழியனுப்பும்போது "சபாரி ஞ்ஜேமா" என்பார்கள். நல்ல பயணம் அமையட்டும் என்று அதற்குப் பொருள். சுவாஹிலிக்கு இச்சொல் அரபு மொழியின் "சபர்" என்ற சொல்லிலிருந்து வந்தது. அதே சபர் நம் கடற்கரை ஊர்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது என்பது எங்களுக்கு வியப்பளித்தது. தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் பயணத்தைச் சபர் என்பர். பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்று ஆண்டுக்கணக்கில் வெளிநாட்டில் இருப்பவரைச் "சபுராளி" என்பர். ஆகவே மலேயாவுக்கும் பர்மாவுக்கும் போன சபுராளியும், கல்யாண ஆல்பத்தில் நிற்கும் சபாரி மாமாவும் ஒரு சொல்லின் இரண்டு பிள்ளைகள். (குதிரைச் சவாரி, மாட்டு வண்டிச் சவாரி என்கிறோமே, அந்தச் சவாரி வேறு. அது பாரசீகத்திலிருந்து வந்தது. ஓசை ஒன்றாக இருப்பதால் உறவு என்று எண்ணிவிடக் கூடாது.)

எளிய மக்களின் பயணச் சொல்லாக இருந்த இதனை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவுக்குச் சென்ற ஐரோப்பியர் தம் மொழிகளுக்கு எடுத்துச் சென்றனர். அவர்கள் கையில் அதன் பொருள் குறுகியது. சபாரி என்றால் வேட்டைப் பயணம் என்று ஆயிற்று. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்ற தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்ற பயணம் உலகப் புகழ் பெற்றது. அவரும் அவர் மகனும் சுட்டு வீழ்த்திய விலங்குகள் 512. கூடாரம், உப்பு, துப்பாக்கி, தோட்டா, புத்தகம் எல்லாவற்றையும் தலையில் சுமந்து நடந்த ஆப்பிரிக்கக் கூலியாட்கள் இருநூறுக்கும் மேற்பட்டோர். வரலாற்றுப் புத்தகத்தின் படத்தில் வேட்டைக்காரரின் உடையை நன்றாகப் பார்க்கலாம். சுமந்தவர்கள் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று கேட்டால், அதற்குப் பெயர் வைக்க யாரும் மெனக்கெடவில்லை.

நான்கு பைகளும் அந்த வேட்டைக்கும் போருக்கும் உரியவை. தோட்டா வைக்க, வரைபடம் வைக்க, கத்தி வைக்க. தோள்பட்டியும் படையுடையிலிருந்து வந்ததே. அதன் நிறமோ நம் நாட்டிலிருந்து போனது. பாரசீகத்திலும் உருதுவிலும் "காக்" என்றால் புழுதி. புழுதி நிறம் காக்கி. 1846இல் பெஷாவரில் அமைக்கப்பட்ட வழிகாட்டிப் படைக்கு ஆங்கிலேய அதிகாரிகள் புழுதி நிறத் துணியைத் தேர்ந்தெடுத்தனர். பிறகு அது ஆங்கிலப் படை முழுவதற்கும் பரவிற்று. ஆக, பெயர் ஆப்பிரிக்காவினது, நிறம் இந்தியாவினது, துப்பாக்கி மட்டும் ஐரோப்பாவினது.

காட்டில் இருந்த இவ்வுடையை நாகரிக மேடைக்குக் கொண்டுவந்தவர்களுள் முக்கியமானவர் இவ் சாங் லோரான் என்ற பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர். அவர் அல்ஜீரியாவில் உள்ள ஓரான் நகரில் பிறந்தவர். அவர் அமைத்த சபாரிச் சட்டை 1968இல் பத்திரிகைப் புகைப்படத்தின் மூலம் உலகெங்கும் பேசப்பட்டது. அதை அணிந்து நின்றது ஆண் அல்ல, பெண்! இன்று "ஆண்களின் பழைய உடை" என்று நாம் கேலி செய்வதற்கு, நாகரிக வரலாற்றில் பெரும் புகழைத் தேடித் தந்தவள் ஒரு பெண் என்பதை எம் தோழியர் குறித்துக்கொள்வார்களாக.

அடுத்து வந்தது பாலியெஸ்டர் காலம். 1941இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட இந்தச் செயற்கை இழை, நம்மிடம் டெரிலின், டெரிகாட்டன் என்ற பெயர்களில் வந்து சேர்ந்தது. கசங்காது, சாயம் போகாது, இரவில் துவைத்துப் போட்டால் காலையில் உடுத்தலாம், இஸ்திரிப் பெட்டியைத் தேட வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1970களில் இதே துணியில் சபாரிக்கு உடன்பிறப்பு போன்ற ஓர் உடை வந்தது. அதற்கு "லெஷர் சூட்" என்று பெயர். ஓய்வு நேர உடை என்று பொருள். அகன்ற காலர், இளநீலம், பழுப்பு, பச்சை என்று கண்ணைப் பறிக்கும் நிறங்கள், குறைந்த விலை. அதுவரை கோட்டும் சூட்டும் வாங்க முடியாதிருந்தவரும் அதை வாங்க முடிந்தது. பத்தாண்டு முடிவதற்குள் அதன் மவுசு முடிந்துவிட்டது. ஆனால் பெயர் சாகவில்லை. உடை அலமாரியை விட்டுப் போன பிறகு பெயர் வசைச்சொல்லாக வாழத் தொடங்கிற்று. "லெஷர் சூட் ஆள்" என்றால், காலம் மாறியது தெரியாமல் பழைய மிடுக்கிலேயே திரிகிறவர் என்று பொருளாயிற்று.

மலிவானதால்தான் அது பலருக்குக் கிடைத்தது. பலருக்குக் கிடைத்ததால்தான் சிலருக்கு அது இளக்காரமாகப் பட்டது. விலையுயர்ந்த கோட்டும் காலத்தால் பழையதாகிறது. அதைப் "பாரம்பரியம்" என்று சொல்லி விடுகிறோம்.

ஆப்பிரிக்காவில் நடந்ததோ இதற்கு நேர்மாறானது. ஜாம்பியா நாடு 1964இல் விடுதலை பெற்றபோது அதன் முதல் குடியரசுத் தலைவரான கென்னத் கௌண்டா 1991 வரை ஆட்சியில் இருந்தார். அவர் விரும்பி அணிந்தது சபாரி சூட். வேட்டைக்கு வந்த வெள்ளையரின் உடையை, ஆண்டு முடித்த வெள்ளையரோடு சரிசமமாக மேசையில் உட்காரும் ஆப்பிரிக்கரின் உடையாக அவர் மாற்றினார் எனலாம். கிழக்கிலும் தெற்கிலும் உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் இன்றும் அதற்குப் பெயர் "கௌண்டா சூட்". அதே துணி, அதே நான்கு பை. பெயர் மாறியது, மதிப்பும் மாறியது. ஜமைக்காவில் மைக்கேல் மேன்லி 1972இல் பிரதமரானபோது, வெயில் நாட்டில் கோட்டும் டையும் எதற்கு என்று கேட்டு, ஐவி ரால்ஃப் என்ற பெண்மணி வடிவமைத்த இதே போன்ற உடையை அணிந்தார். அதன் பெயர் கரீபா.

ஆயினும் சண்டை ஓயவில்லை. 2023 நவம்பரில் கென்யா நாடாளுமன்றத்தில் சபாநாயகர் மோசஸ் வெட்டாங்குலா, கௌண்டா சூட் அணிந்து உறுப்பினர்கள் அவைக்கு வரக் கூடாது, கோட்டும் காலரும் டையும் வேண்டும் என்று அறிவித்தார். அந்நாட்டின் குடியரசுத் தலைவர் அதே காலத்தில் அவ்வுடையை விரும்பி அணிந்துவந்தவர் என்பது இதில் வேடிக்கை. ஆங்கிலேயர் போய் அறுபது ஆண்டு ஆகியும், டை கட்டாத கழுத்துக்கு மரியாதை குறைவு என்ற எண்ணம் போகவில்லை.

இதைப் படிக்கும்போது எங்களுக்கு நம் அருட்சகோதரியரின் நினைவு வந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட துறவறம் பற்றிய ஏட்டில், துறவியரின் உடை எளியதாகவும், உடல்நலத்துக்கு ஏற்றதாகவும், காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும் என்று கூறப்பட்டது. அதன் பின்னரே நம் நாட்டில் பல சபைகளில் சகோதரியர் சேலைக்கு மாறினர். வெயிலுக்கு ஏற்ற உடையை மரியாதைக் குறைவு என்று திருச்சபை எண்ணவில்லை.

நம் ஊரில் சபாரி எப்படி வளர்ந்தது, எப்படித் தேய்ந்தது? 1970களிலும் 1980களிலும் அது அதிகாரியின் உடை. வங்கி மேலாளர், பொறியாளர், கல்லூரிப் பேராசிரியர், ஆலை முதலாளி என்று பலரும் அணிந்தனர். அதற்கு முன்பே, பேண்டுக்குள் செருகாமல் வெளியே விடும் சட்டையை நம் பாட்டனார் "ஸ்லாக்" என்றும் "புஷ் ஷர்ட்" என்றும் சொல்லி அணிந்து பழகியிருந்தனர். ஆகையால் சபாரி அந்நியமாகப் படவில்லை. மாப்பிள்ளைக்கு வரவேற்பு நாளில் கோட்டு தைக்க வசதியில்லாத வீட்டில் சபாரி தைத்தனர். வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் வந்தவர்கள், மைத்துனர்மாருக்கும் சகலைமாருக்கும் அந்தத் துணியைப் பெட்டியில் கொண்டுவந்தனர்.

பிறகு அது மெல்ல மெல்லப் படியிறங்கியது. இந்திரா காந்தி அம்மையார் 1984இல் கொல்லப்பட்ட பின், 1985இல் பிரதமரைக் காக்கச் சிறப்புப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. பிரதமர்களுக்குப் பின்னால் சபாரி அணிந்த பாதுகாவலர் நிற்கும் படங்கள் செய்தித்தாள்களில் வந்தன. வெளியே தொங்கும் சட்டை, இடுப்பில் உள்ள துப்பாக்கியை மறைக்கும் அல்லவா? அதைப் பார்த்துத் தனியார் காவல் நிறுவனங்களும் தம் ஆட்களுக்குச் சபாரி தைத்துக் கொடுத்தன. அடுத்து விடுதி ஊழியர், அதற்கும் அடுத்து கார் ஓட்டுநர். அதிகாரி அணிந்தபோது மிடுக்கு என்று சொல்லப்பட்டது, அவருடைய ஓட்டுநர் அணிந்தபோது கோமாளித்தனம் ஆகிவிட்டது. உடை ஒன்றுதான்.

இலக்கண வகுப்பில் ஆகுபெயர் படித்திருக்கிறோம். ஒன்றின் பெயர் அதனோடு தொடர்புடைய வேறொன்றுக்கு ஆகிவருவது. "காக்கி வருகிறது" என்றால் காவலர் வருகிறார். "கதர் பேசிற்று" என்றால் கட்சிக்காரர் பேசினார். அவ்வாறே "சபாரி நிற்கிறது" என்றால் காவலாளி நிற்கிறார். தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்த "நிற்கிறது" என்ற வினைமுற்றைக் கவனியுங்கள். உயர்திணை போய் அஃறிணை வந்துவிட்டது. சட்டை மட்டும் நிற்கிறது, உள்ளே இருந்த மனிதரைக் காணோம்.

இது வெறும் இலக்கண விளையாட்டு என்றால் நாங்கள் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை ஒரு கடையில் இரவுக் காவல் பணி செய்கிறார். சாம்பல் நிறச் சபாரி, மார்புப் பையின் மேல் நிறுவனத்தின் பெயர். அரையாண்டுத் தேர்வுக்குப் பின் நடந்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்குப் பணி முடிந்த கையோடு அப்படியே வந்திருந்தார். வராந்தாவில் சிலர் ஒரு சொல்லை மெல்லச் சொல்லிச் சிரித்தனர். அடுத்த கூட்டத்துக்கு முன்பு அத்தோழி தந்தையிடம், "அப்பா, வீட்டுக்கு வந்து வேறு சட்டை போட்டுக்கொண்டு வாங்கப்பா" என்று கேட்டுக்கொண்டாள். பன்னிரண்டு மணி நேரம் நின்று களைத்தவர், இரண்டு பேருந்து மாறி வீட்டுக்குப் போய் உடை மாற்றித் திரும்பி வந்தார். அதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. கணக்கில் அவள் வகுப்பில் முதலாவதாக வந்ததை ஆசிரியை எல்லார் முன்னிலையிலும் சொன்னார். அதைக் கேட்க அவர் அங்கே இல்லை.

நகைச்சுவைக்கு இவ்வளவு கணக்குப் பார்ப்பதா என்று சிலர் கேட்கலாம். சபாரி அழகான உடை என்று நாங்கள் வாதாட வரவில்லை. சித்திரை வெயிலில் பாலியெஸ்டர் துணி உடலோடு ஒட்டிக்கொண்டு படுத்தும் பாடு கொஞ்சமல்ல. 1970களின் காலர் அகலத்தைப் பார்த்தால் எங்களுக்கும் சிரிப்புத்தான் வருகிறது. காலம் கடந்த உடையைப் பார்த்துச் சிரிப்பதில் குற்றமில்லை. எங்கள் பேத்திமார் எங்கள் படங்களைப் பார்த்துச் சிரிக்கப் போகிறார்கள், சிரிக்கட்டும். ஆனால் ஆல்பத்தில் உள்ள மாமா அந்த உடையைத் தாமே விரும்பித் தேர்ந்தெடுத்தார். நகைக்கடை வாசலில் நிற்பவர் தேர்ந்தெடுக்கவில்லை. நிறுவனம் கொடுத்தது. சில இடங்களில் அதன் விலையையும் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். தேர்ந்தெடுக்காத ஒன்றுக்காக ஒருவரைக் கேலி செய்வது எந்த வகையில் நகைச்சுவை?

மறைக்கல்வி வகுப்பில் யாகப்பர் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரம் படித்தோம். நல்ல உடையும் பொன் மோதிரமும் அணிந்து வந்தவருக்கு நல்ல இருக்கை காட்டி, அழுக்கு உடையில் வந்த ஏழையை ஒதுங்கி நிற்கச் சொல்பவர்களை அவர் அங்கே கண்டிக்கிறார். கூட்ட நாளன்று பெற்றோருக்குப் போடப்படும் நாற்காலிகளில் யார் எந்த வரிசையில் அமர்கிறார்கள் என்பதைப் பார்த்தால், அவர் நம் பள்ளி வராந்தாவுக்கும் சேர்த்தே எழுதினாரோ என்று தோன்றுகிறது.

ஒரு சொல்லைத் தடை செய்ய வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. தடை செய்தால் அது இன்னும் இனிக்கும். உடையைச் சபாரி என்போம், தாராளமாக. அணிந்திருப்பவரை அண்ணன் என்றோ ஐயா என்றோ அவருடைய பெயர் சொல்லியோ அழைப்போம். பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் பெயரே தெரியாமல் ஐந்தாண்டு பயணம் செய்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

இன்னொன்று, ஆண்டு விழா நாடகம். ஊழல் செய்யும் பெரிய மனிதர், கடத்தல்காரர், பிள்ளை பிடிப்பவர் என்று யார் மேடைக்கு வந்தாலும், யாருடைய தாத்தாவின் பெட்டியிலிருந்தோ ஒரு பழைய சபாரி வந்துவிடுகிறது. திரை விலகியதும் வசனம் பேசும் முன்பே அரங்கம் சிரிக்கிறது. அரங்கத்தின் கடைசி வரிசையில் அதே உடையோடு தந்தையர் சிலர் உட்கார்ந்திருப்பதை மேடை விளக்கின் வெளிச்சத்தில் காண முடியாது.

இவ்வாண்டு வில்லனுக்குச் சபாரி வேண்டாம் என்று நாடகக் குழுவினரிடம் கேட்டிருக்கிறோம். தலைமையாசிரியை சகோதரி அவர்களும் சரி என்று கூறிவிட்டார்கள். அப்படியானால் கோட்டும் டையும் போடலாம் என்று ஒருத்தி சொன்னாள். வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள் என்றாள் மற்றொருத்தி. வேட்டி கட்டலாமே என்றதற்கு, வேட்டி கட்டிய அப்பாக்கள் மட்டும் எளிதில் கிடைத்தவர்களா என்ற கேள்வி எழுந்தது. உடையைப் பார்த்தவுடன் வில்லன் என்று தெரியவில்லையென்றால் வசனத்தைத்தான் நன்றாக எழுத வேண்டும் என்று தமிழாசிரியை கூறிவிட்டார். முதல் காட்சியை இப்போது மூன்றாம் முறையாகத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறோம்.